‘முத்துலட்சுமி’ எத்தன எழுத்து?

பொள்ளாச்சில ஒரு சீட்டுக் கம்பெனி. பேர் வேண்டாம். பத்து வருசத்துக்கு மேல அவங்களுக்கு நாந்தான் சாஃப்ட்வேர் பாத்துக்குறேன். மொதல்ல ரசீது எல்லாம் இங்கிலீஷ்லதான் அடிச்சாங்க, அப்புறம் ஓனர் ஒருநாள் “ஏனுங்க தம்பி, சீட்டு கட்டுறவங்க பூராம் நம்ம ஊரு சனங்க, இங்கிலீஷ்ல குடுத்தா கட்டுனமா இல்லையான்னு பக்கத்து வீட்டு பையங்கிட்ட கேக்க வேண்டியிருக்குதுங்களாமா, தமிழ்ல போட்டுருங்க”ன்னாரு. நானும் என்ன பெரிய விஷயம், யூனிகோடு எல்லாம் வந்தாச்சே, ரெண்டு நாள் வேலன்னு சொல்லிட்டேன். அந்த ரெண்டு நாள் இன்னும் முடியல.

மாத்துன மூணாவது நாளே போன். “தம்பி, இந்தம்மா பேரு முத்துலட்சமுங்களா?” எனக்கு ஒண்ணும் புரியல. ரசீத வாட்ஸப்ல அனுப்புனாரு. பேருக்கான கட்டத்துல ‘முத்துலட்ச’ன்னு இருக்கு, பக்கத்துலயே 5000 ரூபா. அந்தம்மா அத பாத்துட்டு எனக்கு எத்தன லட்சம் பாக்கின்னு போட்டிருக்கீங்கன்னு கவுன்ட்டர்ல சத்தம் போட்டிருக்காங்க. சிரிக்குறதா அழுவுறதான்னு தெரியல.

காரணம் ரொம்ப சின்னது. பேர் கட்டம் நீளமா போயி பக்கத்து கட்டத்த தள்ளக்கூடாதுன்னு, பேர பத்து கேரக்டரோட வெட்டுன்னு இங்கிலீஷ் காலத்துல நானே ஒரு வரி எழுதி வச்சிருந்தேன். முத்துலட்சுமிக்கு ஏழே ஏழு எழுத்துதான, பத்துக்குள்ள அடங்கணுமே? நமக்குத்தான் ஏழு. கம்ப்யூட்டருக்கு மகரம் ஒண்ணு, அதுக்கு உகரக் குறி ஒண்ணு, தகரம், புள்ளி, மறுபடி தகரம், உகரக் குறின்னு தனித்தனியா பதிமூணு. பத்தாவது இடத்துல வெறும் ‘ச’ நிக்குது. அதோட உகரம் பதினொண்ணு. கத்திரி கரெக்டா அதுக்கு முன்னாடி விழுந்திருக்கு.

இந்த ஒரு விஷயத்த மனசுல ஏத்திக்கிட்டா தமிழ்ல சாஃப்ட்வேர் பண்றதுல பாதிப் பிரச்சன புரிஞ்சிரும், அதனால கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். ஒரு தமிழ்ச் சொல்ல எண்ண மூணு வழி இருக்கு. ‘கிருஷ்ணமூர்த்தி’ய எடுத்துக்கங்க. கண்ணால எண்ணுனா எட்டு எழுத்து. யூனிகோடு கோட்பாயின்ட்டா, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு குடுத்திருக்க நம்பரா எண்ணுனா 15. அந்த நம்பர கம்ப்யூட்டர் சேத்து வைக்கிற யூடிஎஃப்-8 முறைல பைட்டா எண்ணுனா 45, ஏன்னா தமிழ் எழுத்துக்கான கோட்பாயின்ட் ஒவ்வொண்ணும் மூணு பைட் எடுக்கும். நம்ம 247 எழுத்துக்கும் தனித்தனி நம்பர் யூனிகோடுல இல்ல. நம்ம எழுத்துக்கு ஒதுக்குன இடமே 128, அதுலயும் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் நிரப்பியிருக்காங்க. உயிர்மெய் எல்லாம் மெய்யும் குறியும் சேந்து உருவாகுறதுதான். அது சரியா தப்பான்னு பெரிய சண்டையெல்லாம் நடந்திருக்கு, அந்தப் பக்கம் நான் போகல. இருக்குறத வச்சுத்தான் நாளைக்கு காலைல கோடு எழுதணும்.

சிக்கல் என்னன்னா ஒவ்வொரு டூலும் இந்த மூணுல எத எண்ணுதுன்னு சொல்லாமயே எண்ணும். நீளம் எண்ணுறதுக்கு பைத்தான்ல இருக்க லென் கோட்பாயின்ட்ட எண்ணும். ஜாவாஸ்கிரிப்ட் லெங்த்தும், படிவத்துல நம்ம போடுற மேக்ஸ்லெங்த்தும் யூடிஎஃப்-16 யூனிட்ட எண்ணும், தமிழுக்கு அதுவும் கோட்பாயின்ட்டும் ஒண்ணுதான், நடுவுல எமோஜி வந்தா மட்டும் மாறும். பிஹெச்பியோட பழைய எஸ்டிஆர்லென் பைட்ட எண்ணும். இந்தக் கூட்டத்துல ஸ்விஃப்ட் மட்டுந்தான் கேக்காமயே நம்ம கண்ணு எண்ணுற மாதிரி எட்டுன்னு சொல்லும், அதுக்காகவே அந்த மொழி மேல எனக்கு ஒரு மரியாதை. டேட்டாபேஸ் டேபிள்ல எழுத்து வைக்கிற நெடுவரிசைக்கு, அதான் காலம்னு சொல்றது, வார்கேர்னு வகை. மைஎஸ்க்யூஎல்ல வார்கேர் 20ன்னா இருவது கோட்பாயின்ட், ஆனா ஆரக்கிள்ல சும்மா வார்கேர்2 20ன்னு போட்டா வழக்கமா இருவது பைட்டு, அதாவது ஆறு கோட்பாயின்ட், ‘கிருஷ்’ வரைக்குந்தான் இடம். மூர்த்தி வெளிய நிப்பாரு. லினக்ஸ்ல ஃபைல் பேரு 255 பைட்டுதான், தமிழ்ல 85 கோட்பாயின்ட். தமிழ்ல நீளமா தலைப்பு வச்சு ஃபைல் அப்லோட் பண்றவங்களுக்கு மட்டும் ஏன் எர்ரர் வருதுன்னு நான் ஒரு நாள் பூரா தேடியிருக்கேன். வேர்ட்பிரஸ்ல தமிழ்த் தலைப்பு வச்சா லிங்க் ஏன் பாதியிலயே நிக்குதுன்னு யோசிச்சிருப்பீங்க, அங்க லிங்க்குக்கு 200 கேரக்டர் இடம், ஒரு தமிழ் கோட்பாயின்ட்ட லிங்க்ல சதவீதக் குறி போட்டு எழுதுனா ஒம்பது கேரக்டர், அப்ப 22 தான் தேறும்.

சரி, முத்துலட்சத்துக்கு வருவோம். உண்மைய சொன்னா அது என்னோட ரெண்டாவது தப்பு. மொதல்ல பைட்டா வெட்டுற சப்ஸ்டிஆர்தான் போட்டிருந்தேன், அதுல நடந்தது இன்னும் கூத்து. மூணு பைட் எழுத்த நடுவுல வெட்டுனா மிச்சம் இருக்கறது எந்த எழுத்துமே இல்ல, குப்ப. அந்தக் குப்பைய, ஆப்புக்கு அனுப்ப டேட்டாவ கட்டிக் குடுக்குற பிஹெச்பியோட ஜேசன் என்கோட்கிட்ட குடுத்தா அது எர்ரர் எல்லாம் போடாது, கம்முனு ஃபால்ஸ்னு திருப்பிக் குடுத்துரும். ஃபால்ஸ எக்கோ பண்ணுனா ஒண்ணுமே வராது. அப்ப ஆப்புல என்ன தெரியும்? வெள்ளத் திரை. அதுவும் எல்லாருக்கும் இல்ல, மூணு கோட்பாயின்ட்டத் தாண்டுற தமிழ்ப் பேரு வச்சிருக்க மெம்பர் லிஸ்ட்ல வர்ற பக்கத்துக்கு மட்டும். ரமா, உமா மட்டும் இருக்க பக்கம் நல்லா வேல செய்யுது. மூணு ராத்திரி போச்சு எனக்கு. சர்வர் லாக்ல ஒரு வரி கிடையாது, 200 ஓகேன்னு சிரிச்சிட்டு இருக்கு. இப்ப பிஹெச்பி 7.3க்கு அப்புறம் த்ரோ ஆன் எர்ரர்னு ஒரு கொடி இருக்கு, ஜேசன் எங்க பண்ணுனாலும் அத போட்டுருங்க, என்ன மாதிரி ராத்திரி முழிக்க வேண்டாம்.

அதுக்கப்புறந்தான் எம்பி சப்ஸ்டிஆருக்கு மாத்துனேன், அது கோட்பாயின்ட் பாத்து வெட்டும், குப்ப வராது, ஆனா முத்துலட்ச வந்துச்சு. கடைசில கிராஃபீம் சப்ஸ்டிஆர், அது இன்டில் எக்ஸ்டென்ஷன்ல இருக்கு, அதுதான் எழுத்து பாத்து வெட்டுது. பிரவுசர்ல இதே வேலைக்கு இன்டில் செக்மென்டர் இருக்கு, குரோம்ல 2020லயே வந்துருச்சு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024லதான் வந்துச்சு. பைத்தான்காரங்களுக்கு ஓப்பன்-தமிழ் லைப்ரரில கெட் லெட்டர்ஸ்னு ஒண்ணு இருக்கு, அருமையா பிரிச்சுக் குடுக்கும். ‘க்ஷ’வ மட்டும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி எண்ணும், செக்மென்டர் ரெண்டுங்கும், அதப் பாத்து பதறாதீங்க.

ஆனா இவ்வளவும் பண்ணுன பெறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது தோணுச்சு, நான் ஏன் எண்ணிட்டு இருக்கேன்? கட்டத்துக்குள்ள அடங்குதான்னு பாக்கத்தான எண்ணுறேன். ‘ரா’வும் ‘ணூ’வும் ஒரே அகலமா? இங்கிலீஷ்லயே ஐயும் டபிள்யூவும் ஒண்ணு இல்ல, தமிழ்ல கேக்கவே வேண்டாம். பேர முழுசா அனுப்பு, கட்டத்துக்கு மேல போனா சிஎஸ்எஸ்ல டெக்ஸ்ட்-ஓவர்ஃப்ளோ எலிப்சிஸ் போடு, பிரவுசருக்கு எழுத்தோட அகலம் தெரியும், அது பாத்துக்கும். சர்வர்ல உக்காந்துக்கிட்டு திரைக்காக வெட்டுற வேலையே வேண்டாம். இப்பல்லாம் என் கோடுல பேர வெட்டுற வரி எங்கயும் கிடையாது.

இதே ஏழு-பதிமூணு கணக்கு இன்னொரு இடத்துலயும் காலை வாரிச்சு. மெம்பர் ஆப்புல போட்டோ இல்லாதவங்களுக்கு வட்டத்துக்குள்ள பேரோட மொத எழுத்து வரும்ல, அது எல்லா ஆப்புலயும் இருக்குறதுதான். மொத கேரக்டர எடுன்னா முத்துலட்சுமிக்கு ‘ம’, கோபாலுக்கு ‘க’. சரி அது அலங்காரம், யாரும் கண்டுக்கல. ஆனா அதே ஃபங்ஷன வச்சு அப்பா பேர்லருந்து இனிஷியல் தானா வர்ற மாதிரி ஒரு வேல பாத்துட்டேன், புத்திசாலித்தனமா. முருகேசன் மகன்னா ‘ம.’ன்னு வந்துச்சு. ஒருத்தரு கம்பெனிக்கே நேர்ல வந்துட்டாரு. “எங்கப்பன் பேரு முருகேசன், என் இனிஷியல் மு. நீங்க எப்புடி ம.ன்னு மாத்துவீங்க, நாளைக்கு சீட்டு எடுக்கும்போது ஆளு வேறன்னுருவீங்க.” அவரு சொன்னது நூத்துக்கு நூறு நியாயம். இனிஷியல் பத்தி சொல்றப்ப இன்னொண்ணு, பேர் கட்டத்துல எழுத்து மட்டுந்தான் வரலாம்னு ரெகெக்ஸ், அதாவது உள்ள வர்றது எப்புடி இருக்கணும்னு சொல்ற விதி, எழுதி புள்ளிய தள்ளிவிடுறது, லாஸ்ட் நேம் கட்டாயம்னு சிவப்பு நட்சத்திரம் போடுறது, இந்த ரெண்டையும் நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு நம்ம ஆளுங்களே பண்றதுதான் எனக்குத் தாங்கல. ஒரே ஒரு முழுப்பேர் கட்டம் போதுமுங்க. லாஸ்ட் நேம் இல்லாத சனம் அந்தக் கட்டத்துல வெறும் புள்ளி வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிருவாங்க, உங்க டேட்டாபேஸ்ல பாதிப் பேருக்குக் குடும்பப் பேரு புள்ளின்னுதான் இருக்கும், போயி பாருங்க.

ரெகெக்ஸ்ல இன்னொரு கண்ணி இருக்கு. பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டா சொல்ல புடிக்கும்னு எல்லாரும் படிச்சிருப்போம். பைத்தான்ல ‘தமிழ்’ங்கற சொல்லுக்கு அத ஓட்டிப் பாருங்க. ‘தம’ன்னு ஒண்ணு, ‘ழ’ன்னு ஒண்ணு, ரெண்டு துண்டா வரும். இகரக் குறியும் புள்ளியும் அதுக்கு எழுத்தே இல்லயாம். தேடல் வசதி பண்ணறேன், டேக் பிரிக்கிறேன்னு எவ்வளவு பேர் இதுல மாட்டியிருப்பாங்கன்னு நெனச்சாலே பாவமா இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட்ல இன்னும் மோசம், அங்க அந்த டபிள்யூவுக்கு இங்கிலீஷ தவிர எதுவுமே தெரியாது. பைத்தான்ல கூட வர்ற ரீ மாடியூல விட்டுட்டு தனியா ரெகெக்ஸ்னே ஒரு பேக்கேஜ் இருக்கு, அத போட்டா சரியாகும். ஜாவாஸ்கிரிப்ட்ல யூ கொடி போட்டு, எழுத்து வகையோட குறி வகையையும் சேத்து நீங்களே எழுதணும். லெட்டர் மட்டும் போட்டுட்டு மார்க்க மறந்தா மறுபடி அதே தம, ழ.

குப்பையப் பத்தி சொல்லணும். எங்கிட்ட ஜூனியரா சேர்றவங்களுக்கு மொத வாரமே இதத்தான் சொல்லிக் குடுப்பேன். திரைல தமிழ் வரலன்னு யாராவது போன் பண்ணுனா, ‘என்ன வருது’ன்னு கேளு, அதுலயே பாதி வைத்தியம் இருக்கு. வெறும் கட்டம் கட்டமா வருதா, டேட்டா நல்லாருக்கு, அந்த மெஷின்ல ஃபான்ட் இல்ல, பயப்படாத. தலைல கோடு போட்ட சின்ன இங்கிலீஷ் ஏ, வட்டத்துக்குள்ள ஆர், அதுவே திரும்பத் திரும்ப வருதா, டேட்டா இருக்கு, யூடிஎஃப்-8ஐ யாரோ லத்தீன்னு நெனச்சு படிக்கிறாங்க, சரி பண்ணிரலாம். கருப்பு வைரக்கட்டத்துக்குள்ள கேள்விக்குறியா, எங்கயோ பைட்டு நடுவுல வெட்டுப்பட்டிருக்கு இல்லன்னா தப்பா படிச்சிருக்கு, அந்த எடம் மட்டும் சேதாரம். எல்லா எழுத்தும் வெறும் கேள்விக்குறி, ???? அப்புடின்னு வருதா, முடிஞ்சுது. அது டேட்டாபேஸ்லயே கேள்விக்குறியாத்தான் உக்காந்திருக்கும், திரும்ப வராது, பேக்கப் எங்கன்னு தேடு. எஸ்க்யூஎல் சர்வர்ல வார்கேர் காலம்ல தமிழ போட்டாலோ, என்வார்கேர் காலம் வச்சும் கொட்டேஷனுக்கு முன்னாடி ‘N’ங்கற எழுத்த போட மறந்தாலோ வழக்கமா வர்றது இந்த கேள்விக்குறிதான். ஒரு எழுத்து விட்டுப்போனதுக்கு ஒரு டேபிளே போகும்.

அந்த ஏ-ஆர் குப்பைய சரி பண்றப்ப ஒரு எச்சரிக்கை. பழைய பிஹெச்பி ஆப்புங்க நெறைய, டேட்டாபேஸ் லத்தீன்ல இருக்கும், கனெக்ஷனும் லத்தீன்ல இருக்கும், தமிழ் பைட்ட அப்படியே உள்ள தள்ளி அப்படியே வெளிய எடுக்கும், ரெண்டு தப்பு சேந்து திரைல அழகா தமிழ் தெரியும். வருசக்கணக்கா ஓடும். புதுசா ஒருத்தன் வந்து கனெக்ஷன மட்டும் ஒழுங்கா யூடிஎஃப்-8னு மாத்துவான், எல்லாம் குப்பையாயிரும், திட்டு அவனுக்கு விழும். அப்ப டேபிள நேரா கன்வெர்ட் பண்ணாதீங்க, குப்பையவே பத்திரமா யூடிஎஃப்-8ஆ மாத்திக் குடுத்துரும். காலம்ம மொதல்ல ப்ளாப், அதாவது வெறும் பைட்டு மூட்டை ஆக்கிட்டு, அப்புறம் டெக்ஸ்ட் ஆக்கணும், அப்பத்தான் பைட்ட தொடாம லேபிள மட்டும் மாத்தும். நான் ஒருதடவ அவசரத்துல பைத்தான்ல விண்டோஸ்-1252 வச்சு, எர்ரர் வந்தா இக்னோர் பண்ணுன்னு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுனேன். முத்துலட்சுமி ‘மததலடசமி’ ஆயிட்டாங்க. அந்த அம்மா ராசி அப்புடி. ஏன்னு நோண்டிப் பாத்தா, புள்ளியோட கடைசி பைட்டும் உகரக் குறியோட கடைசி பைட்டும் விண்டோஸ்-1252ல காலி எடம், அங்க எழுத்தே கிடையாது. அத இக்னோர் பண்ணச் சொன்னது நானேதான். ஊர்ல இருக்க எல்லா புள்ளியும் எல்லா உகரமும் ஒரே நிமிஷத்துல காலி. நல்லவேளை காப்பி மேல ஓட்டுனேன். லத்தீன்-1னு போட்டா அந்த ஓட்டை இல்ல.

மைஎஸ்க்யூஎல்ல யூடிஎஃப்8னு பேரு வச்சிருக்கறது முழு யூடிஎஃப்-8 இல்லங்கற கதை பல பேருக்குத் தெரியும். மூணு பைட்டோட நின்னுரும். தமிழுக்கு மூணு பைட்டே போதும், அதனால நம்ம ஆளுங்களுக்கு வருசக்கணக்கா பிரச்சன தெரியாது. எமோஜி வர்ற வரைக்கும். சீட்டுக் கம்பெனி ஆப்புல கருத்து சொல்ல ஒரு கட்டம் வச்சோம். ஓனருக்கு ஒரே சந்தோஷம், “தம்பி எல்லாரும் நன்றி நன்றின்னு அனுப்பறாங்க”. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தரு நேர்ல வந்து சண்ட, நாலு தடவ எழுதிட்டேன் ரசீது வரலன்னு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கலன்னு. டேட்டாபேஸ்ல பாத்தா நாலு தடவையும் ‘நன்றி’ன்னு மட்டும் இருக்கு. அவரு நன்றின்னு போட்டு ஒரு கும்பிடு எமோஜி போட்டு அதுக்கப்புறம் விஷயத்த எழுதுற மரியாதையான மனுசன். கும்பிடு நாலு பைட்டு. தப்பான டேட்டாவ உள்ள விடாத ஸ்ட்ரிக்ட் மோடு ஆஃப்ல இருந்ததால மைஎஸ்க்யூஎல் அந்த எமோஜிலருந்து பின்னாடி உள்ளத பூராம் வெட்டி வீசிட்டு ஒரு வார்னிங்க மட்டும் முனங்கிட்டுப் போயிருக்கு. ஆறு மாசமா வந்த புகார் எல்லாம் கும்பிட்டதோட நின்னு போச்சு. யூடிஎஃப்8எம்பி4னு மாத்தணும், அது 2010லருந்தே இருக்கு, 8.0லருந்து டீஃபால்ட்டும் அதுதான். மாத்தும்போது பழைய வெர்ஷனா இருந்தா இன்டெக்ஸ் நீளம்னு அழும், 767 பைட்டுதான் எல்லை, 255ஐ மூணால பெருக்குனா 765 அடங்கும், நாலால பெருக்குனா அடங்காது. கோடுல எங்கயாவது வார்கேர் 191னு வினோதமா ஒரு நம்பர் பாத்தா அது இந்த எமோஜி பண்ணுன வேலதான்.

இப்ப தேடல். கவுன்ட்டர்ல இருக்க பொண்ணு ‘கௌசல்யா’ன்னு அடிக்குது, இல்லங்குது. லிஸ்ட்ல கண்ணு முன்னாடி கௌசல்யா இருக்கு. இது பேய் இல்ல. ‘கௌ’வுல வர்ற ஔகாரக் குறி ஒரே கோட்பாயின்ட். ஆனா டைப் பண்ணத் தெரியாதவங்க ஒத்தக்கொம்பு போட்டு பக்கத்துல ளகரத்த போட்டுருவாங்க, பாக்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது ‘கெள’. ‘கொ’வும் அப்புடித்தான், ஒகரக் குறிய ஒண்ணாவும் போடலாம், கொம்பும் காலுமா ரெண்டாவும் போடலாம். இந்த ரெண்டாவத யூனிகோடே ஒண்ணுதான்னு ஒத்துக்கும், என்எஃப்சின்னு நார்மலைஸ் பண்ணுனா சேந்துரும். ஆனா கொம்பு-ளகரத்த எந்த நார்மலைசும் காப்பாத்தாது, அது நெஜமாவே வேற எழுத்து, நீங்களாத்தான் பாத்து மாத்தணும், அதுவும் யோசிச்சு, ஏன்னா ‘கெளுத்தி’ன்னு உண்மையாவே ஒரு மீன் இருக்கு. ஸ்ரீ இன்னொரு தலைவலி, மொதல்ல ஸகரத்த வச்சு எழுதுனாங்க, 2005ல ஶகரம் யூனிகோடுக்குள்ள வந்த பெறகு அத வச்சும் எழுதறாங்க, ரெண்டும் திரைல ஒரே ஸ்ரீதான். ஸ்ரீதேவிய ரெண்டு தடவ மெம்பராக்கியிருக்கோம். எங்க வழக்கம் இப்ப இதுதான், வாசல்லயே என்எஃப்சி பண்ணி உள்ள விடுறது, தேடுறதுக்குன்னு தனியா ஒரு காலம் வச்சு அதுல இந்த ஸ்ரீ, கெள எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கி வைக்கிறது. மெம்பர் எழுதுன பேர தொடுறதில்ல, அது அவங்க பேரு.

வரிசைப்படுத்தறது பத்தி சுருக்கமா சொல்றேன். கோட்பாயின்ட் வரிசையும் நம்ம அகரவரிசையும் ஒண்ணு இல்ல. யூனிகோடுல நகரத்துக்கு அடுத்தே ரெண்டுசுழி னகரம் உக்காந்திருக்கும், அதனால சும்மா சார்ட் பண்ணுனா கனகா முன்னாடி, கமலா பின்னாடி. ழகரம் வகரத்துக்கு முன்னாடி வரும், அதனால பழனி தாண்டித்தான் பவானி. புள்ளி எல்லாத்துக்கும் கடைசில இருக்கறதால கணபதிக்கு அப்புறந்தான் கண்ணன். அகராதிப்படி மூணுமே தலைகீழ். பிரவுசர்ல லோக்கேல் கம்பேர்ல தமிழ்னு சொல்லிருங்க, போஸ்ட்கிரெஸ்ல 10க்கு மேல ஐசியு கொலேஷன்ல, அதாவது வரிசை விதில, தமிழுக்கு இருக்கு. மைஎஸ்க்யூஎல்ல தமிழுக்குன்னு தனியா கிடையாது, நான் வெளிய எடுத்து கோடுல அடுக்கிக்கிறேன். சின்ன வாத்தியார் ஒருத்தரு எங்க மெம்பர், பேரேட்டப் பாத்துட்டு ‘எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச’ன்னு கேட்டாரு. அதுக்கப்புறந்தான் இத சரி பண்ணுனேன்.

எஸ்எம்எஸ்தான் காசு தின்ன கதை. இங்கிலீஷ்ல தவணை ஞாபகப்படுத்துற மெசேஜ் நூத்தி நாப்பது கேரக்டர், ஒரு மெசேஜ் காசு. தமிழ்ல மாத்துன மாசம் பில்லு மூணு மடங்கு. ஓனரு கேட்டா என்ன சொல்ல? ஒரு எஸ்எம்எஸ்னா 140 பைட்டு. இங்கிலீஷ் எழுத்து ஏழு பிட்டுல அடங்குறதால 160 போகும். தமிழ் ஒரு எழுத்து வந்தாலும் மொத்த மெசேஜும் கோட்பாயின்டுக்கு ரெண்டு பைட்டுன்னு மாறிரும், அப்ப 70. அதுக்கும் மேல போனா துண்டுகள ஒட்ட தலைப்பு வேணுமே, அதுக்கு எடம் போக ஒரு துண்டுக்கு 67. எங்க தமிழ் மெசேஜ் நூத்தம்பதத் தாண்டுது, மூணு துண்டு. இதுல பரிதாபம் என்னன்னா இன்னொரு கம்பெனிக்கு சுத்த இங்கிலீஷ் மெசேஜே ரெண்டு மடங்கு காசு ஆகிட்டு இருந்துச்சு, பாத்தா வேர்டுல அடிச்சு காப்பி பண்ணதுல அப்பாஸ்ட்ரஃபி வளைஞ்சிருக்கு. அந்த ஒரு வளைஞ்ச குறிக்காக மொத்த மெசேஜும் யூனிகோடாயிருச்சு. நாங்க ‘தங்களது மாதாந்திர சீட்டுத் தவணைத் தொகையை’ங்கறத எல்லாம் தூக்கிட்டு ‘சீட்டு பணம் ரூ.5000, கடைசி நாள் 10’னு வச்சோம். கம்பெனிங்க எஸ்எம்எஸ் வாசகத்த முன்கூட்டியே பதியுற டிஎல்டில டெம்ப்ளேட் மறுபடி பதிஞ்சு ஒப்புதல் வாங்கணும், அதுக்கு ஒரு வாரம் போச்சு. மெசேஜும் நல்லாத்தான் புரிஞ்சுது, சொல்லப்போனா முன்னாடியவிட நல்லா.

எக்செல்லுக்கு ஒரு வரி போதும். சிஎஸ்வி குடுக்கறீங்கன்னா ஃபைல் தொடக்கத்துல இது யூடிஎஃப்-8னு சொல்ற பிஓஎம்ங்கற மூணு பைட்ட போட்டுக் குடுங்க, இல்லன்னா டபுள் கிளிக் பண்ணி தொறக்குற அக்கவுன்டன்ட் திரைல அந்த ஏ-ஆர் குப்பதான். அதே ஃபைல அவங்க திருப்பி அனுப்பி நீங்க படிக்கும்போது அந்த மூணு பைட்டு மொத காலம் பேரோட ஒட்டிக்கும், ‘மெம்பர் நம்பர் காலமே இல்ல’ன்னு எர்ரர் வரும், கண்ணுக்குத் தெரியாது, தலைய பிச்சுக்குவீங்க.

கம்பெனியோட பழைய மெம்பர் பேரெல்லாம் ஒரு டிடிபி சென்டர்ல பாமினி ஃபான்ட்ல அடிச்சு வேர்டு ஃபைலா இருந்துச்சு. பாமினின்னா அது தமிழே இல்ல, இங்கிலீஷ் எழுத்துக்கு தமிழ் வேசம். ஃபான்ட எடுத்துட்டுப் பாத்தா ‘தமிழ்’ங்கறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரப்புள்ளின்னு இருக்கும். கன்வெர்ட்டர் நானே எழுதுனேன், அதுல ஒரே சூட்சுமம், நீளமானத மொதல்ல மாத்தணும். பாமினில கொம்பு எழுத்துக்கு முன்னாடி வரும், ‘கொ’ன்னா கொம்பு, ககரம், கால் மூணு சேந்தது. நீங்க ‘கெ’வ மொதல்ல மாத்திட்டா கால் அனாதையா நிக்கும், ‘கொ’ எங்கயும் வராது.

பிரின்டர். கடைல இருக்க சின்ன தெர்மல் பிரின்டர் பெரும்பாலும் தமிழ் ஃபான்ட் இல்லாமத்தான் வருது, எழுத்தா அனுப்புனா கண்டதையும் துப்பும். படமா மாத்தி அனுப்பறதுதான் வழி. 58 மில்லி பேப்பர்னா 384 புள்ளி அகலம், 80 மில்லினா 576, அந்த அகலத்துக்கு படத்த வரைஞ்சு கருப்பு வெள்ளையாக்கி அனுப்பணும். படமோ பிடிஎஃபோ, வரையறப்ப எத வச்சு வரையறீங்கன்னு பாத்துக்கங்க. ஃபான்ட மட்டும் ஏத்திக்கிட்டு எழுத்துகள வந்த வரிசைலயே அடுக்குற லைப்ரரிங்க இருக்கு, அதுல கொம்பு எழுத்துக்கு பின்னாடி போயி நிக்கும், ‘பெரியசாமி’ன்னா கொம்பு பகரத்துக்கும் ரகரத்துக்கும் நடுவுல. ஹார்ஃப்பஸ் மாதிரி எழுத்த கோக்கத் தெரிஞ்ச ஒண்ணு உள்ள இருக்கணும். நான் நெறைய தேடி அலைஞ்சிட்டு கடைசில ஹெட்லெஸ் குரோம்ல, அதாவது திரை இல்லாம பின்னாடி ஓடுற குரோம்ல, ஹெச்டிஎம்எல்ல தொறந்து அதயே பிடிஎஃப் எடுக்கச் சொல்லிட்டேன், படமும் அதே குரோம்லருந்துதான். மெமரி தின்னும், ஆனா கொம்பு எடத்துல இருக்கும்.

இப்ப எங்க டெஸ்ட் ஃபோல்டர்ல பேருங்கன்னு ஒரு ஃபைல் இருக்கு. டெஸ்ட் யூசர் ஒண்ணு, டெஸ்ட் யூசர் ரெண்டெல்லாம் எங்க ஆபீஸ்ல தடை. மொத வரி முத்துலட்சுமி, அப்புறம் கிருஷ்ணமூர்த்தி, ரெண்டு வித கௌசல்யா, ரெண்டு வித ஸ்ரீதேவி, இனிஷியலோட ஒருத்தரு, இனிஷியலே இல்லாத ஒருத்தரு, நடுவுல கும்பிடு போட்ட ஒரு நன்றி. புதுசா என்ன ஸ்கிரீன் பண்ணுனாலும் இந்தக் கூட்டம் மொதல்ல உள்ள போயி வரணும்.

போன வாரம் ஓனர் கூப்பிட்டாரு. “தம்பி, பாலக்காட்டுல ஒரு பிராஞ்சு போடலாம்னு இருக்குதுங்க, ரசீது மலையாளத்துல வேணும், அதே மாதிரிதானுங்களே, ரெண்டு நாள்ல ஆயிருங்களா?” மலையாளத்துல சில்லுன்னு ஒரு எழுத்து வகை இருக்கு, அத யூனிகோடுல பழைய முறை ஒண்ணு, 2008ல வந்த முறை ஒண்ணுன்னு ரெண்டு விதமா எழுதலாம், திரைல ஒண்ணு மாதிரியே தெரியும். அவருகிட்ட ஒரு மாசம் ஆகும்னு சொல்லியிருக்கேன்.